பெயர் வைக்க யாரைக் கேட்பது?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணினி அறிவியல்)

பெயரில்லாத பொருள் உலகில் இல்லை. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கிறோம். சந்தையில் வாங்கிவந்த கன்றுக்குட்டிக்கும் வைக்கிறோம். எவ்வளவு நீளமான பெயரை வைத்தாலும் அதற்காக யாரும் வந்து கூலி கேட்பதில்லை. ஆனால், கணினிக்குள் ஒரு கோப்புக்கு நீளமான பெயர் சூட்டும் முறைக்கு ஒருவர் சொந்தக்காரராக இருந்தார் என்றும், அம்முறையைக் கையாண்டதற்காக இன்னொருவரை அவர் நீதிமன்றத்துக்கு இழுத்தார் என்றும் சொன்னால் நண்பர்கள் நம்புவார்களா? இது கதையன்று. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த வழக்கு.

வழக்குப் போட்டது மைக்ரோசாஃப்ட். போடப்பட்டது டாம்டாம் என்னும் டச்சு நிறுவனத்தின் மீது. காரில் வைத்தால் வழிகாட்டும் சிறு கருவிகளைச் செய்து விற்பவர்கள் அவர்கள். அக்கருவிக்குள் இருந்ததோ லினக்ஸ். எவரும் எடுத்துக்கொள்ளலாம், எவரும் திருத்தலாம் என்று உலகுக்குத் திறந்துவிடப்பட்ட மென்பொருள். எனவே அடி விழுந்தது டாம்டாம் முதுகில் என்றாலும், தழும்பு லினக்ஸுக்கு என்றே அன்று பலரும் எண்ணினார்கள்.

எனக்கு இதில் அக்கறை பிறந்தது பாடப்புத்தகத்தால் அன்று. மாலை வேளைகளில் என் தாய்மாமா நடத்தும் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். நம் கல்லூரி நண்பர்கள் பலர் புராஜெக்ட் அச்சடிக்க அங்கே வந்திருக்கிறார்கள். கடையில் இரண்டு கணினிகள், இரண்டிலும் லினக்ஸ்தான். கொள்கைப் பிடிப்பு என்று சொல்லிப் பெருமைப்பட ஆசைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கும் இயங்குதளத்துக்கு மாமாவின் கல்லாப்பெட்டி இடங்கொடுக்கவில்லை என்பதே உண்மை. நாள்தோறும் நாற்பது ஐம்பது பென் டிரைவ்கள் வந்து போகும். எவருடைய பென் டிரைவைச் செருகினாலும், எந்தக் கணினியில் எழுதிய கோப்பானாலும், பெயர் சிதையாமல் திரையில் வந்து நிற்கும். இது எப்படி என்று தேடப் போனபோதுதான் வழக்குக் கட்டு என் கையில் அகப்பட்டது.

அந்தப் பெயர் வைக்கும் வித்தையைச் சற்று விளக்கினால்தான் வழக்கின் சுவை புரியும். ஃபேட் என்று ஒரு முறை உண்டு. 1977இல் தோன்றி, 1981இல் வந்த எம்.எஸ்.டாஸ் மூலமாக உலகெங்கும் பரவியது. நம் வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் அப்பதிவேட்டில் ஒரு வரி. ஒரு வரிக்கு 32 பைட் இடம். அதில் பெயருக்கென ஒதுக்கியது 8 எழுத்து, கோப்பின் வகையைக் குறிக்கும் வாலுக்கு 3 எழுத்து. அவ்வளவே. நினைவு நாடாக்களும் வட்டுகளும் தங்கம்போல் விலை விற்ற காலத்தில் அது போதுமானதாக இருந்தது. பிறகு மக்கள் கோப்புகளுக்கு வாயாரப் பெயர் சொல்லி அழைக்க விரும்பினார்கள். பதிவேட்டின் வரியை அகலமாக்கினால் பழைய மென்பொருள்கள் எல்லாம் படிக்கத் தெரியாமல் விழிக்கும். என்ன செய்வது?

விண்டோஸ் 95இல் மக்கள் கண்ட விடை இது: வழக்கமான குட்டிப் பெயரை ஒரு வரியில் எழுதிவிடு, நீளப் பெயரை 13 எழுத்து வீதம் நறுக்கி, அதற்கு முன்னால் கூடுதல் வரிகளில் எழுது, பழைய மென்பொருள் கண்டும் காணாமல் தாண்டிப் போகும்படியான ஓர் அடையாளத்தை அக்கூடுதல் வரிகளுக்கு இடு. ‘கல்லூரி ஆண்டு மலர்’ என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைப்போம். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, குறிக்கு ஒன்று எனத் தனித்தனியாக எண்ணுவது கணினியின் வழக்கம். அக்கணக்குப்படி ‘கல்லூரி ஆண்டு’ என்பது இடைவெளியும் சேர்த்துச் சரியாக 13. ஆகவே அது ஒரு வரியில் அடங்கும். ‘மலர்’ அடுத்த வரிக்குப் போகும். குட்டிப் பெயருக்கு இன்னொரு வரி. மூன்று வரியில் ஒரு மலர்! பழைய பாட்டுப் பெட்டிகளில் பாடலின் பெயர் ஆறு எழுத்தோடு அறுபட்டு, பின்னால் ஒரு வளைகோடும் ஒன்று என்ற எண்ணும் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் அந்தக் குட்டிப் பெயர்.

சாமர்த்தியமான ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. ஆனால் இது இருபதாண்டுக் காலம் ஒருவருக்கே உடைமையாகத் தக்க கண்டுபிடிப்பா? அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஆம் என்றது. 1993 ஏப்ரலில் தொடங்கிய விண்ணப்பத்தின் வழியே 1996இலும் 1998இலும் இதன் தொடர்பாக இரு காப்புரிமைகளை மைக்ரோசாஃப்டுக்கு வழங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதிப்புரிமை வேறு, பேடண்ட் என்று வழங்கும் காப்புரிமை வேறு. பதிப்புரிமையில் நான் உங்கள் கதையைப் பார்த்து எழுதினால்தான் குற்றம். காப்புரிமையில் அப்படியன்று. உங்கள் கண்டுபிடிப்பு இருப்பதே தெரியாமல், ஆயிரம் கல் தொலைவில், என் சொந்த மூளையைக் கசக்கி நான் அதே வழியைக் கண்டாலும் குற்றம்தான். நூல் எழுதுகிறவன் தன் மனச்சாட்சியைக் கேட்டால் போதும். நிரல் எழுதுகிறவன் பிற நாட்டு அலுவலகங்களில் உறங்கும் பல்லாயிரம் பத்திரங்களையும் கேட்டாக வேண்டும். இது எந்த மாணவனால் ஆகும்?

டாம்டாம் ஏன் அந்த ஃபேட் முறையைக் கையாண்டது? அதைவிடச் சிறந்த முறைகள் லினக்ஸில் பல உண்டு. ஆயினும் கருவியை வாங்கியவர் அதைத் தம் வீட்டுக் கணினியில் இணைத்தால் அது திறக்க வேண்டுமே! வீட்டுக்கு வீடு இருந்தது விண்டோஸ். விண்டோஸ் தயங்காமல் படிப்பது ஃபேட். ஊருக்குப் பொதுவான கிணறு ஒன்றுதான். அதற்குப் போகிற பாதை ஒருவர் பட்டாவில் இருக்கிறது என்றால், அப்பாதையின் மதிப்பு அது பாதையாக இருப்பதால் வந்ததா, கிணற்றால் வந்ததா? இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் இக்கேள்விதான் என் மனத்தில் எழுகிறது.

பாதைக் கூலி அதிகமும் இல்லை. 2003 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த வீதம், கருவி ஒன்றுக்கு 25 சென்ட். ஒரு நிறுவனம் மொத்தமாகக் கட்ட வேண்டியது 2,50,000 டாலருக்கு மேற்படாது. பெரிய உற்பத்தியாளருக்கு இது கொசுக்கடி. ஆனால் லினக்ஸுக்கு? அதை யார் எத்தனை பிரதி எடுக்கிறார்கள் என்று எண்ணுவதற்கு ஒரு கணக்குப்பிள்ளை கிடையாது. எண்ணக்கூடாது என்பதே அதன் ஏற்பாடு. அது வெளியாகும் பொது உரிமத்தின் ஏழாம் பிரிவு இன்னும் கடுமையானது: உன்னிடமிருந்து பெறுகிறவர் அனைவரும் கூலியின்றிப் பகிர்ந்துகொள்ள இயலாதபடி ஒரு காப்புரிமை குறுக்கே நின்றால், நீ அதை விநியோகிக்கவே கூடாது. ஆகக் கூலி கொடுத்தாலும் சிக்கல், கொடுக்காவிட்டாலும் சிக்கல். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி.

2007 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் அதிகாரிகள் ‘ஃபார்ச்சூன்’ இதழுக்கு ஒரு கணக்கைச் சொன்னார்கள். லினக்ஸும் அதைச் சார்ந்த திறந்த மென்பொருள்களும் தங்களுடைய 235 காப்புரிமைகளை மீறுகின்றனவாம்: லினக்ஸின் கருவில் 42, திரைமுகப்பில் 65, ஓப்பன் ஆபீசில் 45, மின்னஞ்சல் நிரல்களில் 15, மற்றவற்றில் 68. கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது. ஆனால் அந்த 235 எவை என்ற பட்டியலை மட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. எந்த வரி என்று காட்டினால் திருத்தி எழுதிவிடலாமே என்று லினக்ஸ்காரர்கள் கேட்டார்கள். காட்டாமல் இருப்பதில்தான் அச்சத்தின் ஆயுள் இருக்கிறது போலும்.

வழக்கு 2009 பிப்ரவரி 25ஆம் நாள் தொடுக்கப்பட்டது. எட்டுக் காப்புரிமைகள், அவற்றில் மூன்று லினக்ஸைத் தொட்டன. டாம்டாமும் சும்மா இருக்கவில்லை. தன் காப்புரிமைகளை எடுத்துக்கொண்டு எதிர்வழக்குப் போட்டது. லினக்ஸைக் காப்பதற்கென்று 2005இல் ஐ.பி.எம்., சோனி முதலியோர் சேர்ந்து அமைத்த ‘ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க்’ என்னும் கூட்டணியிலும் சேர்ந்தது. இனி ஒரு பெரும் போர், ஃபேட் காப்புரிமை செல்லுமா செல்லாதா என்று தெரிந்துவிடும் என உலகமே காத்திருந்தபோது, மார்ச் 30ஆம் நாள் இருவரும் சமாதானம் என்று அறிவித்துவிட்டார்கள். முப்பத்து மூன்றே நாள்! டாம்டாம் பணம் கட்டும்; எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. நீளப் பெயர் தொடர்பான பகுதிகளை இரண்டாண்டுக்குள் தன் கருவிகளிலிருந்து எடுத்துவிடும். தீர்ப்பு இல்லை, எனவே தெளிவும் இல்லை.

வெளியில் நின்ற நிரலாளர்களுக்கு என்ன வழி? சாம்பா என்னும் மென்பொருளை எழுதிப் புகழ்பெற்ற ஆஸ்திரேலியர் ஆண்ட்ரூ டிரிட்ஜல் அவ்வாண்டே ஓர் உபாயம் எழுதினார். ஒரே கோப்புக்குக் குட்டிப் பெயர், நீளப் பெயர் என்ற இரண்டையும் சேர்த்து வைப்பதுதானே காப்புரிமையின் உயிர்நிலை? அப்படியானால் நீளப் பெயரை மட்டும் எழுதிவிட்டு, குட்டிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயராகவே கொள்ள முடியாத 11 பைட்டுகளைக் கொட்டிவிடுவது. பெயர் இருந்த இடத்தில் குப்பை! ஒரு நல்ல நிரலாளரின் நேரமும் அறிவும் ஒன்றைச் சீராக்குவதற்கு அன்றி, சட்டத்துக்காகக் கோணலாக்குவதற்குச் செலவாயின என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

இவற்றை மாமாவிடம் சொன்னேன். “சும்மா குடுக்குற சாமானுக்கு என்னடா மாப்ள கேஸு?” என்றார். விளக்கினேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அப்ப நம்ம கடைக்கும் ஆளு வருமா?” என்று கேட்டார். வராது மாமா என்றேன். சிரிப்பதற்குரிய கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை. அந்த ஐயத்தை மனத்தில் விதைப்பதுதான் இத்தகைய வழக்குகளால் விளையும் முதல் பயன். வழக்கு ஒருவர் மேல்தான், அச்சம் ஊருக்கெல்லாம்.

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “கண்டுபிடிச்சவனுக்குக் கூலி வேண்டாமாப்பா? காப்புரிமை இல்லேன்னா எல்லாரும் ரகசியமா வச்சுப்பாங்க. பத்திரத்துல எழுதி ஊருக்குச் சொல்றதுக்குத்தானே அந்த இருபது வருஷம்?” என்றார். சாரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒரு மருந்துக்கோ இயந்திரத்துக்கோ பல்லாண்டு ஆய்வும் பெரும்பொருளும் செலவாகின்றன; அங்கே அந்த ஒப்பந்தம் நியாயமே. மென்பொருளில் நிலைமை வேறு என்பது என் எண்ணம். ஒரே இக்கட்டு ஒரே காலத்தில் பலர் முன் நிற்கிறது. ஒரே விடை பலர் மனத்தில் உதிக்கிறது. யார் முதலில் பத்திரம் எழுதினார் என்பது யார் முதலில் நினைத்தார் என்பதற்குச் சான்றாகாது. இதை நான் வெறும் வாதமாகச் சொல்லவில்லை. இந்த ஃபேட் காப்புரிமையின் வரலாறே சாட்சி.

1992 டிசம்பரில் ஃபின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர், கணினிவழிக் கடிதம் பரிமாறும் குழு ஒன்றில் ஒரு யோசனை எழுதினார். டாஸின் பழைய முறைக்குக் கேடு வராமலே கோப்புகளுக்கு நீளப் பெயர் வைப்பது எப்படி என்பது அதன் பொருள். எழுதியவர் லைனஸ் டோர்வால்ட்ஸ்; லினக்ஸைத் தொடங்கிய அதே டோர்வால்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 23கூட நிறையவில்லை. நம்மைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அவ்வளவே. காசுக்காக எழுதவில்லை, பத்திரம் பதியவில்லை, மனத்தில் பட்டதை நண்பர்களுக்குச் சொன்னார். மைக்ரோசாஃப்டின் விண்ணப்பம் அதற்குப் பின், 1993 ஏப்ரலில்.

ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் அக்கடிதம் கிடந்தது. பின்னர் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளை முன்னிட்டு மோட்டரோலா மீது மைக்ரோசாஃப்ட் தொடுத்த வழக்கில், 2011 டிசம்பரில், அமெரிக்கப் பன்னாட்டு வர்த்தக ஆணையத்தின் நீதிபதி அதையே சான்றாக எடுத்துக்கொண்டு, அவ்விரு காப்புரிமைகளுள் 1998இல் வழங்கப்பட்டது செல்லாது என்று முதற்கட்ட முடிவில் எழுதினார். டாம்டாம் பணம் கட்டியபோதும் அக்கடிதம் உலகின் கண்முன்தான் கிடந்தது. ஆனால் முப்பத்து மூன்று நாளில் முடிந்துவிட்ட வழக்கில் கடிதங்களைத் தேடிப் படிக்க யாருக்கு நேரம்?

அறிஞர்களான நீதிபதிகளே இதில் ஒருமனப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க அலுவலகம் 2004இல் இக்காப்புரிமைகளுள் ஒன்றை மறுபரிசீலனை செய்து ஐயுற்றது. 2006இல் செல்லும் என்றது. ஜெர்மனியில் 2007இல் செல்லாது என்றார்கள். 2010இல் மேல்நீதிமன்றம் அதை மாற்றியது. 2013இல் மறுபடியும் செல்லாது என்றார்கள். அதே ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமைகளின் காலமும் முடிந்துவிட்டது. பந்தயம் முடிந்த பிறகும் நடுவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த கதை.

இறுதிவரை நின்று போராடியவர்களும் உண்டு. 2010இல் ஆரக்கிள் நிறுவனம் ஆண்ட்ராய்டை எதிர்த்து, ஜாவா தொடர்பான 7 காப்புரிமைகளைக் காட்டி, கூகுள் மீது வழக்குத் தொடுத்தது. 2012இல் ஜூரிகள் காப்புரிமை எதுவும் மீறப்படவில்லை என்றார்கள். பதிப்புரிமை பற்றிய பகுதி மட்டும் ஏறி இறங்கி, 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் கூகுள் பக்கம் முடிந்தது. பத்தரை ஆண்டு! வெல்லுவதற்கு நியாயம் மட்டும் போதாது, பத்தரை ஆண்டுக்குக் கட்டுச்சோறும் வேண்டும். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

மைக்ரோசாஃப்ட் இன்று அந்தப் பழைய மைக்ரோசாஃப்டாக இல்லை என்பதை மறைப்பது நேர்மையாகாது. 2018 அக்டோபரில் அவர்களே மேற்சொன்ன கூட்டணியில் சேர்ந்து, 60,000க்கு மேற்பட்ட காப்புரிமைகளை லினக்ஸுக்கு எதிராகப் பயன்படுத்துவதில்லை என்று ஒப்பினார்கள். 2019இல், ஃபேட்டின் வாரிசான எக்ஸ்ஃபேட் முறையின் விவரங்களை வெளியிட்டு, லினக்ஸில் அதைச் சேர்க்க இசைந்தார்கள். கடையில் பெரிய மெமரி கார்டுகளையும் இப்போது தடையின்றித் திறக்கிறோம். மனம் மாறியதா, வியாபாரம் மாறியதா என்று நான் ஆராயப் போவதில்லை. ஆனால் விளைந்த அச்சத்துக்கும், கோணலாக எழுதப்பட்ட நிரல்களுக்கும் யார் கணக்குச் சொல்வார்கள்?

நம் நாட்டு நிலை என்ன என்று வகுப்புத் தோழர்கள் கேட்கிறார்கள். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தத்தால், கணினி நிரல் ‘தன்னளவில்’ கண்டுபிடிப்பு ஆகாது என்ற விதி மூன்றாம் பிரிவில் புகுந்தது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் அதைத் தளர்த்தப் பார்த்தது. 2005இல் நாடாளுமன்றம் அத்தளர்வை ஏற்காமல் விட்டது. அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு பொருள் என்பதில் வழக்கறிஞர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. சட்டம் பயிலச் செல்லவிருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கலாம். கணினி தெரிந்த வழக்கறிஞருக்கு இனிப் பஞ்சம்தான்.

இவ்வாண்டு நானும் ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறேன். கடைக்கு வரும் கோப்புகளில் பாதிக்குமேல் ‘புராஜெக்ட்’, ‘புராஜெக்ட் புதிது’, ‘புராஜெக்ட் கடைசி’ என்ற பெயர்களே. ஒருவருடையதை இன்னொருவருக்கு அச்சடித்துக் கொடுத்துவிடாதபடி, கோப்பைத் திறந்து மாணவர் பெயரையும் துறையையும் முதல் பக்கத்திலிருந்து எடுத்து, தமிழிலேயே கோப்புக்குப் பெயர் சூட்டும் நிரல் அது. 400 வரிகூட இல்லை. வரும் விடுமுறையில், யாரும் எடுத்து ஆளலாம் என்ற உரிமத்தோடு அதைப் பொதுவில் வெளியிடப் போகிறேன். இதே வழியை எங்கோ ஒருவர் முன்பே பத்திரத்தில் எழுதி வைத்திருக்கிறாரா என்று அறிய எனக்கு வசதியில்லை. என்னால் இயன்றது ஒன்றுதான்: ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, அது எப்படி என் மனத்தில் தோன்றியது என்று இரண்டு வரி விளக்கமும், எழுதி முடித்த நாளும் மாதமும் ஆண்டும் தெளிவாகக் குறித்திருக்கிறேன்.